டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லை அப்படியே கட்டிட்டு வந்துடாதீங்க

ஆஸ்பத்திரில கேஷ்லெஸ்னு சொன்னதும் நாம பில்லையே பாக்கறதில்ல, இன்சூரன்ஸ்காரன்தானே கட்டறான்னு விட்டுடறோம். ஆனா அந்தப் பணம் நம்ம சம் இன்ஷ்யூர்டுல (பாலிசில ஒரு வருஷத்துக்குக் கிடைக்கற அதிகபட்சத் தொகை) இருந்துதான் கழியுது, அது தீந்து போய் அதே வருஷம் அடுத்த தடவை படுத்தா கைக்காசுதான்.

போன வருஷம் அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சப்போ மொத்தமா ஒரே பக்கத்துல பில் குடுத்தாங்க. ஐட்டம் வாரியா வேணும்னு நின்னேன், முணுமுணுத்துக்கிட்டே பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்தாங்க. பாத்தா ரெண்டே நாளைக்கு 64 ஜோடி கிளவுஸ், வார்டுல நாங்க திருப்பிக் குடுத்த ஊசி மருந்தெல்லாம் கழிக்கவே இல்ல. கேட்டதும் "சிஸ்டம் மிஸ்டேக் சார்"னு திருத்திட்டாங்க, எல்லா மிஸ்டேக்கும் அவங்க பக்கமே சாயறதுதான் ஆச்சரியம்.

அதனால தினமும் என்ன மருந்து, என்ன டெஸ்ட்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, ஃபார்மசிக்கு எதைத் திருப்பிக் குடுத்தாலும் ரசீது வாங்கிக்கோங்க. ஸ்டென்ட்டுக்கு 2017ல இருந்தே அரசு உச்சவரம்பு விலை இருக்கு, பில்லுல பிராண்டு பேரு, பேட்ச் நம்பரோட தனியா காட்டணும். வெத்து கிளைம் ஃபார்ம்ல மட்டும் கையெழுத்தே போடாதீங்க, அதுல பின்னாடி என்ன வேணா நிரப்பலாம்.

கிளைம்ல இன்சூரன்ஸ் கம்பெனியே இழுத்தடிச்சா, அவங்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ நம்பர் 155255, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சேந்திருந்தும் ஆஸ்பத்திரில தனியா காசு கேட்டா 1800 425 3993க்கு அடிங்க.