ஸ்கிரேப்பரின் தொட்டி நிறையாமல் போனதற்கான காரணம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டார்லிங் டவுன்ஸ் பகுதியில், கரிய களிமண்ணில் நீர்த்தேக்கம் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் ஸ்கிரேப்பரின் (மண்ணைச் சுரண்டி அள்ளிச் சென்று கொட்டும் இயந்திரம்) தொட்டி, மழைக்குப் பிறகு வழக்கமான அளவு மண்ணைக் கொள்ளவில்லை. குவியலாக நிறைய வேண்டிய மண், முன்கதவுக்கு மேலே வழிந்தது. முதலில் வெட்டும் விளிம்புத் தகட்டை மாற்றினோம். பிறகு ஹைட்ராலிக் அழுத்தத்தை அளந்தோம். டயர் காற்றையும் சரிபார்த்தோம். மூன்று நாட்கள் வீணாயின.

நான்காம் நாள், மண்ணை முன்னோக்கித் தள்ளி வெளியேற்றும் பின்சுவர் கடைசிவரை பின்னிழுக்கப்பட்டதாகத் தோன்றியபோதும், அதன் சிலிண்டர் தண்டு ஒரு சாண் அளவுக்குப் பளபளவென வெளியே நின்றதைக் கண்டேன். பின்சுவரை முன்னே தள்ளி, பாதுகாப்புப் பின்னைச் செருகி, எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தபோது, அதன் உருளைகள் ஓடும் பாதையில் களிமண் செங்கல்லைப் போல இறுகிக் கிடந்தது. அதனால் சுவர் முழுவதும் பின்னே போகாமல், தொட்டியில் மண்ணுக்கான இடம் குறைந்திருந்தது. சுவரின் ஓரங்கள் வழியே நடைக்கு நடை சிறிது மண் கசிந்து பின்னால் சேர்வது இந்த அமைப்பில் இயல்பே. ஆனால் சுவர் பின்னால் இருக்கும்போது அது கண்ணில் படாது.

கடப்பாரையால் பெயர்த்தெடுத்ததும் தண்டு முழுவதும் உள்ளே சென்றது. அடுத்த நடையிலேயே தொட்டி குவியலாக நிறைந்ததில் பெரும் நிம்மதி. இப்போது ஒவ்வொரு மாலையும், ஈரம் காய்வதற்குள் அந்த இடத்தைச் சுரண்டிவிடுகிறோம்.