பாசிமணி கம்மலையும் பின்னல் கயிறையும் போனில் படம் எடுக்க

முதலில் ஃப்ளாஷை அணையுங்கள், கண்ணாடி மணியில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெறித்து நிறத்தையே தின்றுவிடும். வெயில் நேராக விழாத ஜன்னலோரம் போதும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழலில் கிடக்கும் மணிகளும் தெளியும். அடியில் பூப்போட்ட துணி வேண்டவே வேண்டாம்.

பலரும் போனை மணிக்கு மேலேயே கொண்டுபோய் ஒட்டுகிறார்கள், அவ்வளவு கிட்டத்தில் பல போன்களில் ஃபோகஸ் பிடிக்காது, அதனால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து 2 மடங்கு ஜூம் போட்டு, நடு மணியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை நிறுத்திவிட்டு, படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பின்னல் கயிறா, வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், அப்போதுதான் ஒவ்வொரு பின்னலும் மேடு பள்ளமாகத் தெரியும். அப்புறம், படம் எடுக்கும் முன்பே பிசிறைக் கத்தரித்து, தூசியைச் செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள். விற்பதற்கென்றால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தும் ஒரு படம் எடுங்கள், அளவு தெரியும்.