கத்திரி வெயிலில் தெருநாய்களைக் காப்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் காட்பாடித் தெருவில் மணி என்ற தெருநாயைத் தேடினால், சாக்கடை ஓரத்துச் சேற்றில் வயிற்றைப் பதித்துப் படுத்திருக்கும். அழுக்கில் புரள்கிறதே என்று அதை விரட்டாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அடிவயிற்றில் முடி குறைவு. அங்கே ஈரம் பட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். மணிக்கு இது தெரிந்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, அதற்குச் சாக்கடையைவிட நல்ல இடம் ஒன்றைக் கொடுப்பது.

முதலில் ஆள் சேருங்கள்

தொட்டி வாங்குவதற்கு முன் நான்கு பேரைப் பிடியுங்கள். காலையில் முதலில் கடை திறக்கும் டீக்கடைக்காரர், மதியத்திலும் தெருவிலேயே நிற்கும் இஸ்திரிக்காரர், அடுக்ககத்துக் காவலாளி ஆகியோர் இந்த வேலைக்குப் பொன்னானவர்கள். நாய் என்றாலே முகம் சுளிப்பவரிடமும் போய், தொட்டியை எங்கே வைத்தால் அவருக்குத் தொந்தரவு இருக்காது என்று கேளுங்கள். கேட்டுச் செய்த இடத்தில் சண்டை வருவது குறைவு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. குறித்த இடத்தில் மட்டுமே உணவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் மாதம் உத்தரவிட்டது. ஆகவே வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். பள்ளி, மருத்துவமனை வளாகங்களின் பக்கம் போக வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி

சிமெண்ட் தொட்டிதான் நல்லது. பிளாஸ்டிக் சூடேறும், கவிழும். எவர்சில்வர் காணாமல் போகும். அகலமாகவும் ஆழம் குறைவாகவும் வாங்குங்கள். குட்டி உள்ளே விழுந்தாலும் தானாக ஏறி வர முடிய வேண்டும். புதுத் தொட்டி என்றால் மூன்று நாள் தண்ணீர் நிரப்பி, தினமும் கொட்டிவிட்டு, பிறகே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கும். வைக்கும் இடத்தில் காலை எட்டு மணிக்கு நிழல் இருந்தால் போதாது. மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்.

முதல் வருடம் நாங்கள் வைத்த தொட்டியை எதிர்வீட்டு அம்மா கொட்டிக் கவிழ்த்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் என்னை அழைத்து, கவிழ்த்த தொட்டியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரைக் காட்டினார். கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. தவறு முழுக்க எங்களுடையது. தண்ணீர் குறையும்போதெல்லாம் மேலே ஊற்றி நிரப்பினோமே தவிர, ஒருநாளும் கழுவவில்லை. டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையைத் தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் அது போகாது. தினமும் கொட்டி, தேங்காய் நாரால் உட்சுவரைத் தேய்த்து, மறுபடி நிரப்ப வேண்டும். எந்த நாள் யார் முறை என்று எழுதி டீக்கடையில் ஒட்டிவிடுங்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை முறை அந்த அம்மாவுடையது.

சோறும் நிழலும்

காலை ஏழு மணிக்குள், மாலை ஆறு மணிக்குப் பிறகு. உச்சி வெயிலில் வேண்டாம். தயிர்சாதம் நல்லது. வெங்காயம் கலந்த குழம்பும் வேக வைத்த எலும்பும் கூடாது. நிழல் இல்லாத தெருவில் இரண்டு கோணிப்பைகளை நனைத்துக் காற்றோட்டமான மூலையில் விரியுங்கள். வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள்.

வெயில் தாக்கிவிட்டால்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிற்காமல் மூச்சிரைப்பு, கொழகொழவென்று கயிறு போல எச்சில், அடர்சிவப்பு ஈறு, வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அடையாளங்கள்.

ஆனால் எச்சிலும் தள்ளாட்டமும் வெறிநோயிலும் வரும். பழகாத நாய் என்றால் தொடாதீர்கள். தள்ளி நின்று குவளையால் உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, மீட்புக் குழுவையோ கால்நடை மருத்துவரையோ அழையுங்கள்.

பழகிய நாய் என்றால் உடனே நிழலுக்குத் தூக்குங்கள். வாய்ப்பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிவயிறு, தொடையிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறுங்கள். எங்கள் ஊரில் மதியம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை ஊற்றாதீர்கள், தரைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்தோ வீட்டுக் குடத்திலிருந்தோ எடுங்கள். ஐஸ் தேடி ஓட வேண்டாம், அந்த நிமிடங்கள் பெரியவை. ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது; நாய்க்குக் கெடுதல் வேறு.

தெர்மாமீட்டர் இருந்தால் 39.4 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். பிறகு ஆட்டோவில் காற்றுப்படும்படி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எழுந்து நடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத் தெரியலாம். மதியத்தில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

வீட்டு நாய் இருந்தால்

புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். பக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் மிகச் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலைதான் என்றாலும் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அடர்முடி நாயை வெயிலுக்காக மொட்டையடிப்பதும் தவறு.

உங்களுக்கும் ஊசி

தெருநாய்களோடு பழகும் தொண்டர்கள் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்பே போட்டிருந்தாலும் செல்லத்தான் வேண்டும்.

நாய்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காது நுனி வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழியைச் சென்னையில் 1964ஆம் ஆண்டே புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு தொடங்கிவைத்தது. காது வெட்டப்படாதவற்றின் பட்டியலை மாநகராட்சியிடம் கொடுங்கள்.

மே 28 வாக்கில் கத்திரி முடியும். அதோடு தொட்டியை எடுத்து வைத்துவிடாதீர்கள். வேலூரில் ஜூனிலும் வெயில் விடாது. மழை பிடித்துத் தெருவில் நல்ல தண்ணீர் தேங்கும் வரை முறைப் பட்டியல் டீக்கடைச் சுவரிலேயே இருக்கட்டும்.