வயர்லெஸ் ஹெட்போன் பேட்டரியை நெடுநாள் காப்பது எப்படி?

வயர்லெஸ் ஹெட்போன் வாங்கும்போது ஒலித்தரத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் அது எத்தனை ஆண்டுகள் நம்மோடு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியே முடிவு செய்கிறது. இயர்பட்ஸ் பலவற்றில் அந்தப் பேட்டரியை எளிதில் வெளியே எடுக்க முடியாதபடி ஒட்டி மூடிவிடுவதால், பேட்டரி தளர்ந்ததும் நன்றாக ஒலிக்கும் கருவியையே தூக்கிப் போட நேர்கிறது. சில எளிய பழக்கங்களால் அந்த நாளைத் தள்ளிப்போடலாம். எனினும் தலையில் அணியும் பெரிய ஹெட்போனுக்கும் காதில் செருகும் இயர்பட்ஸுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதால், முதலில் ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம்.

படி 1: சுழற்சிக் கணக்கு

பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்கு இணையான மின்சாரம் செலவானால் அது ஒரு சுழற்சி. இன்று பாதி, நாளை பாதி என்று செலவானாலும் இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். இவ்வகைப் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 சுழற்சிகளுக்குப் பிறகு தொடக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

ஒரு சார்ஜில் 5 மணி நேரம் ஓடும் இயர்பட்ஸை நாள்தோறும் இரண்டரை மணி நேரம் பயன்படுத்தினால், ஆண்டுக்குச் சுமார் 180 சுழற்சிகள் ஆகும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 500ஐ எட்டிவிடும். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 ஹெட்போனோ, இரைச்சல் நீக்க வசதியுடனேயே 30 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. அதே பயன்பாட்டில் அதற்கு ஆண்டுக்கு 30 சுழற்சிகளே ஆகும். சுழற்சியால் தேய்வதற்கு வெகுகாலம் முன்பே வெப்பமும், முழு சார்ஜில் சும்மா கிடக்கும் நாட்களும் அதன் பேட்டரியைத் தேய்த்துவிடும். ஆகவே இயர்பட்ஸில் நாம் குறைக்க வேண்டியது செலவை. பெரிய ஹெட்போனில் திருத்த வேண்டியது அதை வைத்திருக்கும் முறையை.

படி 2: இன்றைய நிலையை அளத்தல்

முழுவதும் சார்ஜ் செய்து, ஒலியளவைப் பாதியில் வைத்து, தானாக அணையும் வரை ஓடிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இயர்பட்ஸ் என்றால் இடது, வலது இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். அழைப்புகளுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பக்கம் முன்னதாகத் தளரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

படி 3: செலவைக் குறைத்தல்

அமைதியான அறையில் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். மேலே சொன்ன சோனி ஹெட்போனில் அது ஒன்றை அணைத்தாலே 30 மணி நேரம் 38 ஆகிறது. எல்டிஏசி போன்ற உயர்தர ஒலி முறைகள் கூடுதல் மின்சாரம் எடுப்பதால், பேச்சு நிகழ்ச்சிகளுக்கு அவை தேவையில்லை. ஒலியளவைக் குறைப்பது பேட்டரியோடு செவியையும் காக்கும். மேசையில் அமர்ந்திருக்கும்போது, வசதி உள்ள ஹெட்போனில் வயரைச் செருகிக் கேட்கலாம்.

படி 4: சார்ஜ் செய்தல்

பெரிய ஹெட்போனை 20 சதவீதத்துக்கு இறங்கும்போது செருகி, 80 சதவீதத்தை ஒட்டி எடுத்துவிடுங்கள். நீண்ட பயணத்துக்கு முன் முழுவதும் ஏற்றுவதில் தவறில்லை. அதே நிலையில் வாரக்கணக்கில் விடுவதுதான் கெடுதல். இயர்பட்ஸ் பெட்டிக்குள் போகும்போதெல்லாம் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், செயலியில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

வெப்பத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லித்தியம் அயனி பேட்டரியை 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில்தான் பொதுவாகச் சார்ஜ் செய்ய வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். அங்கே ஹெட்போனை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூடாக இருக்கும்போது சார்ஜரிலும் செருகாதீர்கள்.

படி 5: வியர்வையும் அழுக்கும்

ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் நீரைத் தாங்கும் தரம் மட்டுமே. அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. வியர்வையில் இருக்கும் உப்போ சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை அரிக்கும். உடற்பயிற்சிக்குப் பின் உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்றால், பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் அந்தப் புள்ளிகளைச் சுத்தம் செய்து பாருங்கள்.

காது மெத்தையின் செயற்கைத் தோல் உரிவது வேறு கதை. பல ஹெட்போன்களுக்கு மாற்று மெத்தை தனியே கிடைக்கிறது.

படி 6: எடுத்து வைத்தல்

சில வாரங்கள் பயன்படுத்தப்போவதில்லை என்றால், பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சிறிது ஏற்றுங்கள். முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால், மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே இறங்கி, பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். எட்டு மாதம் இழுப்பறையில் கிடந்த ஓர் இயர்பட்ஸை நான் இப்படித்தான் இழந்தேன். அன்றிலிருந்து சார்ஜ் ஏற்ற வேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன்.

படி 7: பேட்டரி தளர்ந்த பின்

பெரிய ஹெட்போன்கள் சிலவற்றில் பழுதுநீக்குவோர் பேட்டரியை மாற்றித் தருவார்கள். ஃபேர்போன் நிறுவனத்தின் ஃபேர்பட்ஸ் போன்றவற்றில் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹெட்போன் உடல் உப்பினாலோ, மூடி பிளந்துகொண்டாலோ சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. எளிதில் தீப்பற்றாத இடத்தில் தனியே வைத்து, குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.