தேதியும் தொகையும் ஒத்துப்போனால் போதாது: கட்சி நிதிக் கணக்கைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு இளம் நிருபர் எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பி, "சார், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள் சிலவற்றின் ஆண்டறிக்கைகளிலிருந்து எடுத்துத் தொகுத்தது. இடது பக்கம் நிறுவனங்கள், வலது பக்கம் கட்சிகள், நடுவில் அம்புக்குறிகள். அந்த அம்புகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2024 மார்ச்சில் நானும் இதே மாதிரி அம்பு போட்டு மாட்டிக்கொண்டவன்.

கூட்டல் பிழை, லட்சத்தைக் கோடி என்று எழுதுவது, பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது நாலு வரி விட்டுப்போவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஆசிரியரிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். கணக்கு சரியாக இருந்தும் முடிவு தப்பாகப் போகிற இடங்கள்தான் எனக்குக் கவலை.

பெயரைப் பார்த்ததும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது

தேர்தல் பத்திரம் (ஸ்டேட் வங்கியில் வாங்கி, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுத்த பத்திரம்) வாங்கியவர்களின் பட்டியல் வெளியான மறுநாளே, பாகிஸ்தான் மின் நிறுவனம் ஒன்று நம் ஊர்க் கட்சிகளுக்குப் பணம் கொடுத்ததாகச் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. பட்டியலில் 'ஹப் பவர் கம்பெனி' என்று ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். அதே பெயரில் பாகிஸ்தானில் ஒரு பெரிய நிறுவனம் இருப்பதை யாரோ கூகுளில் பார்த்திருக்கிறார். அந்த நிறுவனம் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மறுத்தது. அதே பெயரில் டெல்லியில் பதிவான ஒரு நிறுவனம் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒரே நிறுவனத்தின் பெயர் ஒரு வரியில் முழுசாகவும், இன்னொரு வரியில் பாதியில் வெட்டுப்பட்டும் இருக்கும். பெயர்வாரியாகக் கூட்டித் தரும் எக்செல்லின் பைவட் டேபிள் அதை இரண்டு ஆளாக எண்ணிவிடும். பெயர்ப் பத்தியை அகர வரிசையில் அடுக்கி, கண்ணால் ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மொத்தத் தொகைகளை மோதவிடுவது

பாஜகவுக்குப் பத்திரம் மூலம் வந்தது சுமார் 6,060 கோடி என்று ஒரு இடத்தில் இருக்கும், 6,986 கோடி என்று இன்னொரு இடத்தில் இருக்கும். உடனே "900 கோடி எங்கே போனது?" என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். எங்கேயும் போகவில்லை. பத்திர விற்பனை 2018 மார்ச்சில் தொடங்கியது. ஸ்டேட் வங்கி கொடுத்து தேர்தல் ஆணையம் வெளியிட்ட பட்டியலோ 2019 ஏப்ரல் 12-இல்தான் தொடங்குகிறது. சிறிய எண் அந்தப் பட்டியலுக்குள் அடங்கியது, பெரிய எண் அதற்கு முந்தைய காலத்தையும் சேர்த்தது. எந்தத் தொகையை எழுதினாலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தேதியையும் தொகையையும் வைத்து ஜோடி சேர்ப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பாதி எரிச்சல் என் மேல்தான்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. விவரம் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று ஸ்டேட் வங்கி கேட்டது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. மார்ச் 14 மாலை தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் வாங்கியவர் பெயர், தேதி, தொகை. இன்னொன்றில் பணமாக மாற்றிய கட்சி, தேதி, தொகை. இரண்டையும் இணைக்க எதுவும் இல்லை. பத்திர எண்களோடு முழுப் பட்டியல் வந்தது மார்ச் 21-இல். நடுவில் ஏழு நாள் இருந்ததே, அதில்தான் நான் கவிழ்ந்தேன்.

14-ஆம் தேதி இரவு இரண்டு மணிக்கு என் திரையில் ஒரு ஜோடி பளிச்சென்று தெரிந்தது. ஒரு நிறுவனம் பத்து ஒரு கோடிப் பத்திரங்கள் வாங்கியிருந்தது. மூன்று நாள் கழித்து ஒரு கட்சி சரியாகப் பத்து ஒரு கோடிப் பத்திரங்களை மாற்றியிருந்தது. அன்றைக்கு வேறு எந்தக் கட்சியும் பத்து மாற்றவில்லை. வேறென்ன வேண்டும்? எழுதினேன், வந்தது. அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "நீங்க எழுதின கட்சிக்கு நாங்க ஒரு ரூபா கூடக் கொடுக்கலை. யாருக்குக் கொடுத்தோம்னு சொல்லவும் மாட்டோம்" என்றார். மழுப்புகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

21-ஆம் தேதி எண்கள் வந்தன. அந்தப் பத்தில் ஆறு ஒரு கட்சிக்கும் நான்கு இன்னொரு கட்சிக்கும் போயிருந்தன, வெவ்வேறு நாட்களில். நான் எழுதிய கட்சி மாற்றிய பத்தும் மூன்று வேறு ஆட்கள் வாங்கியவை. திருத்தம் போட்டோம், வழக்கம்போலப் பொடி எழுத்தில். அந்தக் கட்சியின் நிர்வாகி ஒருவர் இப்போதும் என்னைப் பார்த்தால், "என்ன சார், இன்னைக்கு யார் பணத்தை எங்க கணக்குல போட்டீங்க?" என்பார்.

ஏன் தப்பாகப் போனது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பத்திர விற்பனை வருஷம் முழுக்க நடந்ததில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக்குப் பத்து நாள், தேர்தலையொட்டிக் கூடுதலாகச் சில நாட்கள். வாங்கிய பதினைந்து நாளுக்குள் மாற்றியாக வேண்டியிருந்தது. மதிப்புகளும் ஐந்தே ஐந்து: ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி. பெரிய பணம் எல்லாம் ஒரு கோடிப் பத்திரத்தில்தான். ஆக, நாடு முழுக்க இருக்கிற பெரிய நிறுவனங்கள் ஒரே பத்து நாளில் ஒரே மதிப்புள்ள பத்திரத்தை வாங்கின. அடுத்த இரண்டு வாரத்தில் எல்லாக் கட்சிகளும் அதே மதிப்பில் மாற்றின. அதில் ஒரு பத்தும் இன்னொரு பத்தும் பொருந்தாமல் இருந்தால்தான் அதிசயம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. வாங்கிய பட்டியலில் 18,871 பத்திரங்கள், மாற்றிய பட்டியலில் 20,421. வாங்கியதைவிட மாற்றியது எப்படி அதிகம் என்று ஊழல் கூச்சல் எழுந்தது. 2019 ஏப்ரல் முதல் பதினோரு நாட்களில் மட்டும் 3,346 பத்திரங்கள் விற்றிருந்தன. அவற்றில் பல 12-ஆம் தேதிக்குப் பிறகு மாற்றப்பட்டன. வாங்கியவர் பெயரே பட்டியலில் இல்லாத அந்தப் பத்திரங்களுக்கும் நாங்கள் ஜோடி தேடிக்கொண்டிருந்தோம்.

எண் வந்த பிறகாவது ஒழுங்காகச் செய்தோமா? எண்ணை மட்டும் வைத்துப் பொருத்திய நண்பர் ஒருவருக்கு ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தது. ஒவ்வொரு மதிப்புக்கும் தனி முன்னொட்டு இருக்கிறது. முன்னொட்டும் எண்ணும் சேர்ந்தால்தான் ஒரு பத்திரம். ஒரு கோடிப் பத்திரத்தின் முன்னொட்டு 'ஓசி'. அந்த வாரம் நாங்கள் சிரித்தது அதைப் பார்த்து மட்டும்தான்.

எண் பொருந்திவிட்டாலும் 'கொடுத்தது' என்ற வினையை யோசித்துப் போடுங்கள். வங்கியில் வாங்கிய பத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட முடியும், அதனால் கடைசியில் உண்மையாகக் கொடுத்தவர் யார் என்றே தெரியாமல் போகலாம் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே ஆட்சேபித்தது. இந்த நிறுவனம் வாங்கியது, இந்தக் கட்சி மாற்றியது. ஆவணம் சொல்வது இவ்வளவுதான். அதிகமாகப் பத்திரம் வாங்கிய, 1,368 கோடிக்கு வாங்கிய கோவை லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பத்திரங்களைத் திரிணமூல் காங்கிரஸ் 542 கோடிக்கும் திமுக 503 கோடிக்கும் மாற்றின. ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், பாஜக, காங்கிரஸ் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. தனக்குப் பிடிக்காத கட்சிக்கு மட்டும் அம்பு போட்டவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள்.

சரி, பத்திரம்தான் ஒழிந்ததே, இப்போது எதற்கு இது? பெரிய பணம் இன்று தேர்தல் அறக்கட்டளை வழியாகப் போகிறது. அறக்கட்டளை தன் அறிக்கையில் யார் யார் பணம் போட்டார்கள் என்றும், எந்தெந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்றும் சொல்கிறது. ஒரு ஆண்டில் வந்ததில் 95 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. நடுவில் இருப்பது ஒரே பானை. பானைக்குள் ஊற்றிய பிறகு எந்தச் சொம்புத் தண்ணீர் எந்த டம்ளருக்குப் போனது என்று எப்படிச் சொல்வீர்கள்? டாடா குழும நிறுவனங்கள் மட்டும் பணம் போடும் புரோகிரஸிவ் அறக்கட்டளை மாதிரி இருந்தால், குழுமத்தின் பெயரைச் சொல்லி எழுதலாம். புரூடென்ட் அறக்கட்டளை மாதிரிப் பல நிறுவனங்களின் பணம் கலக்கும் இடத்தில் அம்புக்கு வேலையே இல்லை.

ரெய்டுக்குப் பக்கத்துத் தேதியை மட்டும் வட்டமிடுவது

ஒரு நிறுவனத்தில் சோதனை நடந்தது, அடுத்த மாதம் பத்திரம் வாங்கினார்கள். சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான், விசாரிக்க வேண்டியதும்தான். ஆனால் அந்த நிறுவனம் வாங்கிய எல்லாத் தேதிகளையும் ஒரே கோட்டில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விற்பனைக் காலத்திலும் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனம் என்றால், சோதனை எந்த மாதம் நடந்திருந்தாலும் அதன் பக்கத்தில் ஒரு பத்திரம் இருந்திருக்கும். சோதனைக்கு முன்னால் ஒன்றுமே வாங்காமல், பிறகு திடீரென்று வாங்கியிருந்தால் கதை வேறு.

2021-இல் 7.5 சதவீத வரம்பை மீறியதாக எழுதுவது

ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்ற வரம்பை 2017 நிதிச் சட்டமே எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது 2024-இல். இல்லாத வரம்பை மீற முடியாது.

95 லட்ச வரம்பைக் கட்சிக்குப் பொருத்துவது

அது மக்களவை வேட்பாளரின் தேர்தல் செலவுக்கு. கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை.

பெயர் இல்லாத நன்கொடையைப் பூஜ்யம் என்று எழுதுவது

ஒருவரின் நன்கொடை ரூ. 20,000-க்கு மேல் போனால்தான் கட்சி அவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் இல்லை என்றால் பணம் வரவில்லை என்று அர்த்தமில்லை.

வருமானம், சொத்து, செலவு மூன்றையும் கலப்பது

நிதிக் கட்டுரைகளின் முதல் பத்தியில் ஏற்றத்தாழ்வு பற்றி ஒரு எண் போடுவது வழக்கமாகிவிட்டது. மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் 22.6 சதவீதமா, 40.1 சதவீதமா என்று சண்டை வரும். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்கில் 2022-23-க்கு இரண்டும் இருக்கின்றன. முன்னது வருமானத்தில் பங்கு, பின்னது சொத்தில். 2025 ஜூலையில், சமத்துவத்தில் உலகிலேயே இந்தியாவுக்கு நாலாவது இடம் என்று ஒரு செய்தி வந்தது. 25.5 என்ற கினி குறியீட்டை (0 என்றால் முழுச் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடம்) வைத்துச் சொன்னது. அது வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்த எண். பல நாடுகளின் எண்ணோ வருமானத்திலிருந்து வந்தது. கோடீஸ்வரர் ஏழையைவிட ஆயிரம் மடங்கு சம்பாதிக்கலாம், ஆயிரம் மடங்கு சாப்பிட மாட்டார். அதனால் செலவை வைத்து அளந்தால் இடைவெளி பொதுவாகச் சின்னதாகத்தான் தெரியும். பெரும் பணக்காரர் வீடுகள் அந்தக் கணக்கெடுப்பில் சரியாக அகப்படுவதும் இல்லை.

நிருபர் கதைக்கு வருகிறேன். அம்புகளை எல்லாம் எடுக்கச் சொன்னேன். "அப்புறம் கதை என்ன சார் இருக்கு?" என்று முகம் தொங்கிவிட்டது. பானையை நிரப்பியவர்கள் எத்தனை பேர், அதில் முதல் ஐந்து பேரின் பங்கு எவ்வளவு, பானையிலிருந்து எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம் போனது, இந்த மூன்றையும் போடுங்கள் என்றேன். இரண்டு நாளில் திருத்தி அனுப்பினார். ஒரு அறக்கட்டளையில் மட்டும் அம்புகள் அப்படியே இருந்தன. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "அந்த வருஷம் அவங்க பணம் கொடுத்ததே ஒரே ஒரு கட்சிக்குத்தான் சார்" என்றார். அறிக்கையைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.