கல்லூரிக் கால்பந்து ஒப்பந்தம்: கையெழுத்திடும் முன் மாணவரும் பெற்றோரும் பார்க்க வேண்டியவை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர், மேசைமேல் வரிசையாக வைத்திருக்கும் தொப்பிகளில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, இன்ன பல்கலைக்கழகத்துக்குத்தான் கால்பந்து விளையாடப் போகிறேன் என்று கேமராவின் முன் அறிவிக்கும் காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது. (இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து.) அந்த அறிவிப்பினால் மாணவரும் கட்டுப்படுவதில்லை, பல்கலைக்கழகமும் கட்டுப்படுவதில்லை. பயிற்சியாளர் தொலைபேசியில் சொன்ன 'ஆஃபர்' என்பதும் அப்படித்தான். பள்ளி இறுதியாண்டின் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்கு முன் எழுத்து வடிவில் உதவித்தொகை வழங்க முன்வரக் கூடாது என்பது விதி. ஆகவே அதற்கு முன் பரிமாறப்படும் சொற்கள் அனைத்தும் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி நிற்பவை. மாணவரும் பெற்றோரும் முதலில் செய்ய வேண்டியது, தங்கள் கையில் இருப்பது சொல்லா தாளா, தாள் என்றால் அது யாரை எதற்குக் கட்டுப்படுத்துகிறது என்று பிரித்தறிவதுதான்.

இந்த வேறுபாட்டை ரோக்வான் ஸ்மித்தின் அனுபவத்தைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த அவர், 2015 பிப்ரவரியில் கையெழுத்து நாளன்று யு.சி.எல்.ஏ.வை (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) தேர்ந்தெடுத்ததாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஆனால், தம்மை அங்கே அழைத்த தற்காப்புப் பயிற்சியாளர் தொழில்முறை அணியான அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போகிறார் என்ற செய்தி வந்ததும், கையெழுத்திட்ட தாளை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும், மாணவரைக் கட்டிப்போடும் 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற கடிதத்தில் கையெழுத்திடாமல், பல்கலைக்கழகம் தரவேண்டிய உதவித்தொகையை உறுதிசெய்யும் ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திட்டார். ஒரு தாள் மாணவரைக் கட்டுகிறது, இன்னொரு தாள் பல்கலைக்கழகத்தைக் கட்டுகிறது என்று பதினெட்டு வயதுக்குள் புரிந்துகொண்ட அந்த இளைஞர், 2018-இல் தொழில்முறை அணித் தேர்வில் எட்டாவது வீரராக எடுக்கப்பட்டார். ஆனால் பெரும்பாலான மாணவர்களுக்கு அவருக்கிருந்த பேரம்பேசும் வலிமை இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1964 முதல் வழக்கத்தில் இருந்த அந்தக் கடிதத்தை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2024 அக்டோபரில் கைவிட்டது. அதில் கையெழுத்திட்டுவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனவர் ஓராண்டு விளையாடாமல் இருக்க வேண்டியிருந்தது, ஓராண்டு விளையாடும் தகுதியையும் இழக்க வேண்டியிருந்தது. அழைத்த பயிற்சியாளரே வேலையை விட்டுப் போனாலும் நெடுங்காலம் இதிலிருந்து விடுதலை இருக்கவில்லை. இன்று அந்தக் கடிதத்தின் இடத்தில் உதவித்தொகைக்கான எழுத்துவடிவ ஒப்பந்தம் இருக்கிறது. மாணவர் அதில் கையெழுத்திட்டதும் மற்றப் பல்கலைக்கழகங்கள் அவரைத் தொடர்புகொண்டு அழைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு மட்டும் புதிய முறையிலும் தொடர்கிறது.

உதவித்தொகை ஒப்பந்தத்தைப் படிக்கும்போது முதலில் அதன் கால அளவைப் பாருங்கள். ஓராண்டுக்கு மட்டும் எழுதப்பட்டதா, பல ஆண்டுகளுக்கா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள், ஆட்டம் சரியில்லை என்றோ காயம் பட்டுவிட்டது என்றோ சொல்லி உதவித்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ஆனால் மாணவர் கல்வித் தகுதியை இழந்தாலோ, பொய்யான தகவல் தந்தாலோ, கடுமையான ஒழுங்கு மீறலில் ஈடுபட்டாலோ, தாமாகவே அணியை விட்டு விலகினாலோ நிறுத்தலாம். அப்படி நிறுத்தும்போது, விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழுவிடம் முறையிடும் உரிமை மாணவருக்கு உண்டு. இந்த உரிமையைப் பற்றி ஒப்பந்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக, சேர்க்கை எப்போது என்று பாருங்கள். 'கிரேஷர்ட்' என்ற சொல்லைப் பயிற்சியாளர் பயன்படுத்தினால், இலையுதிர்காலத்தில் மற்றவர்களோடு சேர முடியாது, முழுநேரச் சேர்க்கை அடுத்த ஜனவரி வரை தள்ளிப்போகும் என்று பொருள். 'பிரிஃபர்டு வாக்-ஆன்' என்றால் அணியில் இடம் உண்டு, உதவித்தொகை கிடையாது. இரண்டுமே மரியாதையான சொற்களாக ஒலிப்பதால், குடும்பங்கள் பல நேரம் உள்ளே இருப்பதைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன.

இனிமேல்தான் கடினமான பகுதி. கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ.மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் உடன்படிக்கையை நீதிமன்றம் 2025 ஜூன் 6-ஆம் தேதி ஏற்றதிலிருந்து, பல்கலைக்கழகங்களே தங்கள் வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். 2025-26 ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆகவே உதவித்தொகைத் தாளோடு வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் என்ற இன்னொரு தாளும் மேசைக்கு வருகிறது. முன்பு விளையாடும் தகுதியை வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். இந்தத் தாள் பணத்தை வைத்துக் கட்டுப்படுத்துகிறது. இடையில் விலகினால் மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டுமா, புதிய பல்கலைக்கழகம் அதைச் செலுத்த வேண்டுமா, மாணவரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமேயா, அணியிலிருந்து நீக்கப்பட்டால் மாதத் தொகை நிற்குமா என்ற நான்கு கேள்விகளுக்கும் தாளிலேயே விடை தேடுங்கள். பயிற்சியாளர் வாயால் தரும் விடையைப் போதுமென்று கொள்ளாதீர்கள்.

இந்த விதிகள் வெறும் அச்சுறுத்தல் அல்ல. தற்காப்பு வீரர் டேமன் வில்சன் ஜார்ஜியாவிலிருந்து மிசௌரிக்கு மாறியபின், அவர் கையெழுத்திட்டிருந்த தாளின் இழப்பீட்டு விதியைக் காட்டி ஜார்ஜியாவின் விளையாட்டுச் சங்கம் அவரிடம் 3,90,000 டாலர் கேட்டு நீதிமன்றத்தை அணுகியது. சேவியர் லூகாஸ் விஸ்கான்சினிலிருந்து மயாமிக்குப் போனபோது, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2025 ஜூனில் மயாமி பல்கலைக்கழகத்தின்மீதே வழக்குத் தொடுத்தது. வழக்குகள் எப்படி முடிந்தாலும், அவை நடக்கும் மாதங்களில் ஒரு பத்தொன்பது வயது இளைஞரின் பெயர் நீதிமன்றத் தாள்களில் இருக்கிறது. இடைவிலகல் தொகையை மட்டுமாவது ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல்கலைக்கழகத்தின் பெயரால் மற்றவர்கள் நீட்டும் தாள்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜேடன் ரஷாடா, 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் மதிப்புள்ள விளம்பர ஒப்பந்தத்தை நம்பி, மயாமிக்குக் கொடுத்திருந்த வாய்மொழி வாக்கை மாற்றிக்கொண்டு, 2022 டிசம்பரில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்டார். பணம் தர ஒப்புக்கொண்டது பல்கலைக்கழகம் அன்று, ஆதரவாளர்களின் அமைப்பு. அந்த ஒப்பந்தம் ரத்தானபின், 2023 ஜனவரியில் அவர் விடுவிப்பு கேட்டு வெளியேறி அரிசோனா ஸ்டேட்டில் சேர்ந்தார். 2024 மே மாதம் ஃபுளோரிடாவின் தலைமைப் பயிற்சியாளர் உள்ளிட்டோர்மீது வழக்குத் தொடுத்தார். அதே ஃபுளோரிடாவில் விளையாடிய ஜெர்வான் டெக்ஸ்டரின் தாள் வேறு வகையானது. 4,36,485 டாலரை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, 25 ஆண்டுகளுக்குத் தம் தொழில்முறை விளையாட்டு வருமானத்தில் 15 சதவீதத்தை ஒரு நிறுவனத்துக்குத் தருவதாக 2022-இல் அவர் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். தாளில் எத்தனை ஆண்டுகள் என்று எழுதியிருக்கும் இடத்தைத் தொகைக்கு முன்பே பாருங்கள்.

பல்கலைக்கழகத்தின் நிலையையும் தெரிந்துகொண்டால் பேரம் எளிதாகும். முன்பு முதல்நிலைக் கால்பந்து அணி 85 பேருக்கு உதவித்தொகை தரலாம்; உதவித்தொகை இல்லாதவர்களும் அணியில் இருக்கலாம். 'ஹவுஸ்' உடன்படிக்கையை ஏற்ற பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, ஆனால் அணியின் மொத்த அளவு 105-ஐத் தாண்டக் கூடாது. ஒரு மாணவர் கையெழுத்திட்டதும் அவர் ஆடும் இடத்துக்கு வேறொருவரைத் தேடுவதைப் பயிற்சியாளர் நிறுத்துகிறார்; அந்த மாணவர் கடைசி நாளில் மனம் மாறினால் அந்த இடம் காலியாகவே போகக்கூடும். பல்கலைக்கழகங்கள் தாளுக்கு அவசரப்படுத்துவது இதனால்தான், அந்த அவசரம் நியாயமானதும்கூட. ஆனால் அதே பயிற்சியாளர், சிறந்தவர் ஒருவர் பின்னர் கிடைத்தால், வாய்மொழியாக ஏற்ற மாணவரைக் கைவிடவும் முடியும். ஆகவே தாள் எப்போது வரும் என்று தேதி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

2017 முதல், டிசம்பரிலேயே கையெழுத்திடும் ஒரு காலம் உண்டு. 2024-இல் அது மாதத்தின் முதல் வாரத்துக்கு முன்னேறியது. அதைத் தவறவிட்டவர்களுக்குப் பிப்ரவரி இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 அடிப்படைப் பாடங்களில் 10 பாடங்களைப் பள்ளி இறுதியாண்டு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், இல்லையேல் முதலாண்டில் விளையாடும் தகுதியே சிக்கலாகிவிடும். உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வருமான வரி இல்லை. தங்கும் இடத்துக்கும் உணவுக்கும் போகும் பகுதிக்கு உண்டு. வருவாய்ப் பங்குக்கும் உண்டு. எஃப்-1 விசாவில் படிக்க வரும் மாணவருக்கு அந்தப் பங்கைப் பெறுவதே விசாவைப் பாதிக்கக்கூடும் என்பதால், குடியேற்ற வழக்கறிஞரை முதலில் கலந்துகொள்ள வேண்டும்.

கையெழுத்திடும் நாளில் மாணவர் 18 வயது நிறைவடையாதவர் என்றால், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்தும் அந்தத் தாளில் இடம்பெறட்டும். பல்கலைக்கழகத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட்ட முழுப் பிரதி உங்கள் கைக்கு வந்துசேர்ந்ததைச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு மற்றப் பயிற்சியாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, தேடிவந்ததற்கு நன்றி சொல்லி விடைபெறுங்கள்.