வீட்டு ஜெனரேட்டர்: வாங்கும்போதும் பொருத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த கம்பெனி நல்லது என்பதைத்தான். ஓரளவு பெயருள்ள எந்த இன்ஜினும் ஒழுங்காகவே ஓடும். வில்லங்கமெல்லாம் லோடு கணக்கிலும் வயரிங்கிலும்தான்.

வீட்டிலுள்ள லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் வாட்டையும் கூட்டி, அதற்குச் சரியாக ஒரு மெஷினை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் மோட்டார் போன்றவை ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு நொடிகளில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபிரிட்ஜ் ஓடும்போதே மோட்டாரையும் போட்டால் லைட் மங்கும், இன்ஜின் திணறும், சில சமயம் நின்றே போகும். ஆகவே வீட்டிலுள்ள பெரிய மோட்டாரிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். அப்புறம், கேவிஏவையும் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் கணக்கு) நிஜமாக வேலைக்குக் கிடைக்கும் கிலோவாட்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இரண்டுக்கும் உள்ள விகிதமான பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 5 கேவிஏ மெஷின் தருவது 4 கிலோவாட்தான்.

அதற்காக, எதற்கும் இருக்கட்டும் என்று ரொம்பப் பெரிதாக வாங்குவதும் சரியில்லை. டீசல் இன்ஜினைத் திறனில் 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் வெகுநேரம் ஓட்டினால் டீசல் முழுதாக எரியாது. சைலன்சரில் கரியும் பிசுக்கும் சேரும்.

இதுவரை சொன்னதில் பணம்தான் போகும். அடுத்ததில் உயிர் போகும். இரு முனையிலும் பிளக் வைத்த வயரை எடுத்து, ஜெனரேட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டில் சொருகிவிடுகிறார்கள் சிலர். வீட்டுக்கு வரும் அந்த கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பின்புறமாகப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கதி என்னவாகும்? 'மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தானே போடுகிறேன்' என்பார்கள். இருட்டில், அவசரத்தில், ஒரே ஒரு முறை மறந்தால் போதும். வீட்டு இணைப்பைத் தெரு லைனுக்கோ ஜெனரேட்டருக்கோ மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு பக்க இணைப்புதான் இருக்கும், மறதிக்கு இடமே இல்லை. நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதா, எர்த்திங் எங்கே கொடுப்பது என்பதெல்லாம் அந்தந்த இடத்து விதிமுறையைப் பொறுத்தது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

மெஷினை எங்கே வைப்பது என்பதிலும் அசட்டை கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது; தலைவலி, மயக்கம் என்று தெரிவதற்குள் எழுந்து நடக்கக்கூட முடியாமல் போகலாம். ஷட்டரைத் திறந்து வைத்தாலும் கார் ஷெட் ஆகாது, பால்கனியும் ஆகாது. சிறிய போர்ட்டபிள் மெஷின் என்றால் வெட்டவெளியில், கதவு ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும்படி வையுங்கள். நிலையாகப் பொருத்தும் மெஷினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் குறைக்காதீர்கள். படுக்கையறைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுவது பெரிய செலவில்லை.

பொருத்தியபின் மறந்துவிடுவதுதான் மிச்சமிருக்கும் தவறு. தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாத மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைக்கும். புது இன்ஜினின் முதல் ஆயிலை மேனுவலில் சொன்ன மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். பல சிறிய இன்ஜின்களுக்கு அது 20 மணி நேரம்தான். மாதம் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள், அதுவும் சும்மா உறுமவிடாமல் வீட்டு லோடு கொடுத்து.